வெளி அலகு

ஆஸ்பத்திரி வீதியில் ஏழு மாடி விடுதி.
பெயர்ப்பலகைக்கு மட்டும் எண்பது விளக்கு.
நான் எண்ண வந்தவள்.
ஒன்பது பக்கப் படிவம், ஒரு பேனை,
கழுத்தில் தற்காலிக அட்டை:
ஜெ. அமலநாயகி, கரிக் கணக்கு.
வாசல் காவலாளி எழுத்துக்கூட்டி வாசித்து
"கரிக்கடையோ அக்கா?" என்றான்.
இல்லையென்று சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

முதலில் மின்மானி.
போன மாதம் முப்பத்தோராயிரம் அலகு.
அலகு. ஒற்றைச் சொல்லுக்கு எத்தனை வேலை.
அளக்கிறதும் அலகு,
காகம் கொத்துகிறதும் அலகு.

கீழ்த்தளத்தில் ஜெனறேற்றர்
ஒரு லொறி அளவில் படுத்திருந்தது.
மணித்தியாலத்துக்கு இருபது லீற்றர் குடிக்கும் என்றான் றெக்சன்,
தன் வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
இருபது லீற்றர் டீசல், ஐம்பத்து நாலு கிலோ புகை.
குடித்ததைவிடக் கூடுதலாய்
எப்படி அக்கா வெளியில் வரும் என்று கேட்டான்.
காற்றும் சேர்ந்து எரிகிறது என்றேன்.
அவன் கையை வீசிக் காற்றைத் தொட்டுப் பார்த்தான்.

இதே ஊர்தான்
போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெயைத்
துளித்துளியாய் எண்ணி விட்டது,
சைக்கிளைக் கவிழ்த்து மிதித்துச் செய்தி கேட்டது.
அன்றைக்குப் படிவம் தந்திருந்தால்
ஒவ்வொரு வீடும் நிரப்பியிருக்கும்,
தசம தானம் பிசகாமல்.
அந்தக் காலம் நல்லதென்று சொல்ல வரவில்லை.
எண்ணத் தெரிந்தவர்கள் நாங்கள்,
அவ்வளவுதான்.

மொட்டைமாடியில் நாற்பத்திரண்டு வெளி அலகு.
எல்லாம் தெற்கே பார்த்து
ஒரே நேரத்தில் மூச்சு விட்டன.
கண்ணாடி வேர்த்தது. பேனை வழுக்கியது.
ஒரு பெட்டிக்கு மேல்
கம்பித் துண்டுகளால் காகக் கூடு.
நான் எண்ண எண்ண அது தலையைச் சாய்த்தது.

"காஸ் ஒழுகுமோ?"
"ஒழுகும். வருசத்துக்கு நாலு சிலிண்டர் அடிக்கிறம்."
"எங்கை போகுது?"
றெக்சன் மேலே பார்த்தான்.
"மணம் இல்லை அக்கா. நிறமும் இல்லை.
அதாலை ஆரும் கோபிக்கிறேல்லை."
ஒரு கிலோ, இரண்டு தொன் கரிக்கு ஈடு.
கைபேசியில் பெருக்கினேன். நம்பாமல்
இன்னொருக்கால் பெருக்கினேன்.
பத்து வாரம் ஜெனறேற்றர்
இரவு பகலாய் ஓடினாலும் எட்டாத தொகை
ஒரு பித்தளைச் சுரையின்
தளர்ந்த புரி வழியே போயிருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து சத்தம்.
பின்வளவு ஓட்டு வீடு,
யன்னல்கள் அட்டை வைத்து அடைத்தவை.
முருங்கையின் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது.
கொடியடியில் நின்ற பெண்
கையை நெற்றியில் வைத்துக் கூப்பிட்டாள்:
"தங்கச்சி, இந்தப் பக்கத்துப் பெட்டியளை
இண்டைக்கு நிப்பாட்டிப் போடாதேங்கோ!
பிள்ளையின்ர வெள்ளைச் சட்டை ஈரம்,
மழையும் விடுகிற மாதிரி இல்லை!"
சித்திரையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
"சித்திரையில் உங்களைத் திட்டுவன்," என்றாள்.
சிரித்தாளா தெரியவில்லை,
விசிறிகள் இரைந்தன.

முகாமையாளரின் அறையில் பதினெட்டுப் பாகை.
வரவேற்புப் பெண்ணுக்குச் சுவெற்றர்.
"மேலை பத்துச் சாடி பூக்கண்டு வச்சிருக்கிறம்,
அதைக் கழிக்கலாம்தானே?"
கழித்தேன். எதுவும் அசையவில்லை.
விரல் விறைத்து எழுத்துக் கோணியது.
"கொஞ்சம் குறைக்கலாமோ?" என்றேன்,
குளிரைச் சொல்லி.
அவர் முகம் மலர்ந்தது.
"அதைத்தானே பிள்ளை
காலமை துடக்கம் நானும் கேக்கிறன்!"

கடைசிப் பக்கம்: பிற வெளியேற்றங்கள்.
வழக்கமாய்க் கோடு இழுத்துவிடுகிற இடம்.
எழுதினேன்:
பின்வளவில் ஒரு வெள்ளைச் சட்டை.
ஐப்பசி மழைக்குள் காய்ந்தது.
பக்கத்துக் கட்டம்
அலகு என்ன என்று கேட்டது.
வெறுமையாக விட்டுக்
கையெழுத்து வைத்தேன்.